வாசப்பாட்டியை எடுத்துவிடலாமா

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. பேரப்பிள்ளைகள் விஷயத்தில் கடவுள் எனக்குக் குறை வைக்கவில்லை. பல் டாக்டர் தனியாக கிளினிக் திறந்துவிட்டாள். பெயர்ப்பலகையில் அவள் பெயர் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே தெரிகிறது, கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிகிறது. கடைக்குட்டி நீச்சலில் இரண்டாவது. முதலில் வந்தவள் பயிற்சியாளரின் சொந்த மகள் என்று கேள்வி, அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. மூத்தவன் நெட்டையனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

நெட்டையன் எழுதிய வாசப்பாட்டி புரோகிராம் எத்தனை நாட்டில் ஓடுகிறது என்று அவனுக்கே கணக்குத் தெரியாதாம். கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா கேட்டாள், "அது என்ன பாட்டி, உங்க பேர்ல ஒரு புரோகிராம்?" அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். நீதான் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாயே. ஒருத்தர் போனில் ஏதோ ஒரு பக்கத்தைக் கேட்டால் எடுத்துக் கொடுக்க எங்கோ ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குச் சர்வர் என்று பெயர். ஹோட்டல் சர்வர் செய்கிற வேலைதான், வந்தவர் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பது. வாசப்பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கு ஒரு வரி எழுதுவாள். யார் வந்தது, என்ன கேட்டது, கிடைத்ததா இல்லையா, எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள். ஏதாவது கோளாறு என்றால் அந்த வரிகளைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்களாம்.

நாம் எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருந்தபோது நான் தரைத்தள ஜன்னலில் உட்கார்ந்து, "தபால்காரர் வந்தார், மூணாவது மாடிக்குப் போனார், ஆளில்லைன்னு திரும்பிட்டார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேனே, அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. எனக்கு வாசப்பாட்டி என்று பெயர் வைத்தது அவன்தான். உனக்கு மாடிப்பாட்டி. உன் பெயரில் ஒன்றும் எழுதவில்லை என்று நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த சர்வர் மென்பொருளைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்கிற குழுவில், முடிவெடுக்கிற ஐந்து பேரில் ஒருத்தியாக உன் பேத்தி சுட்டியை எடுத்திருக்கிறார்களாம். நெட்டையன் பேச்சுவாக்கில் சொன்னான். அவளைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனதே அவன்தான். பிறகு அவனை விட்டுவிட்டு அவளை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டேன். "அவ கெட்டிக்காரி பாட்டி" என்றான். கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது. ஆனால் இதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் என்ன, கண் வைத்துவிடுவேனா?

உன் அக்கா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பல் டாக்டருக்கும் நீச்சல்காரிக்கும் என் வாழ்த்து. பயிற்சியாளரின் மகளுக்கும்.

சுட்டி விஷயத்தை நான் சொல்லாததற்குக் காரணம் உனக்கே தெரியும். சொன்னால், "அப்படியா, நல்லது" என்பாய். பிறகு நெட்டையனைப் பற்றி அரைமணி நேரம் பேசுவாய். எனக்குக் காது வலிக்கிற வயது வந்துவிட்டது.

இன்னொரு செய்தி இருக்கிறது. வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். வாசப்பாட்டியை எடுத்துவிடலாம் என்று சுட்டி குழுவில் ஒரு யோசனை எழுதிப் போட்டிருக்கிறாள். எல்லோரும் பார்க்கிற பக்கம் அது. யார் வேண்டுமானாலும் அதன் கீழே கருத்து எழுதலாம். கொஞ்ச நாள் விவாதம் நடக்கும், பிறகு ஐந்து பேரும் ஓட்டுப் போடுவார்கள்.

காரணங்கள் இவை. அந்த மென்பொருளுக்குள்ளேயே இதே வேலையைச் செய்ய இப்போது புதிதாக ஒரு கருவி வந்துவிட்டது. ஒரே வேலைக்கு இரண்டு எதற்கு? கூட்டம் அதிகமானால் வாசப்பாட்டி ஒவ்வொரு வரியையும் எழுதி முடிக்கும்வரை பின்னால் வருகிறவர்கள் நிற்க வேண்டியிருக்கிறது. வந்தவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே எழுதிவிடுகிறாள், எழுதக்கூடாததையும் சேர்த்து. நான் மென்பொருளைச் சொல்கிறேன், உன்னைச் சொல்லவில்லை. கடைசியாக, அதைப் பார்த்துக்கொள்ள நெட்டையனைத் தவிர ஆள் இல்லை.

உடனே எடுக்கமாட்டார்கள். அந்த மென்பொருளின் அடுத்த வெளியீட்டில், "இது போகப்போகிறது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்" என்று எச்சரிக்கை மட்டும் வரும். அதற்கு அடுத்ததில்தான் எடுப்பார்கள். உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் கொடுப்பது போல.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். சுட்டி எனக்கு உட்கார்ந்து விளக்கினாள். எனக்கும் விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அக்கா.

போனில் கூப்பிட்டால் எடு.

தங்கச்சி

*

மார்ச் 1

தங்கச்சிக்கு,

போனை நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும். பேனா என்றால் கொஞ்சம் மெதுவாக வரும், அஞ்சாங்கிளாஸ் கை.

மருந்துக்கடை அம்மாவைக் கூப்பிட்டு சுட்டி எழுதியதைப் படிக்கச் சொன்னேன். தலைப்பும் முதல் பத்தியும் படித்தாள். "போதும்மா, நிறுத்து, வயிறு எரியுது" என்று சொல்லிவிட்டேன். "இன்னும் நிறைய இருக்கு பாட்டி" என்றாள். கழுத்தை அறுத்த பிறகு கத்தி எவ்வளவு நீளம் என்று பார்ப்பார்களா?

நீ எழுதியதற்கெல்லாம் எனக்குப் பதில் இருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு எதற்கு என்கிறாய். உன் வீட்டில் இரண்டு டிவி எதற்கு? எழுதக்கூடாததை எழுதுகிறாளாம். வந்தவன் வாசலில் நின்று உரக்கச் சொன்னால் காதில் விழத்தானே செய்யும். அவன் மெதுவாகச் சொல்ல வேண்டியதுதானே. பார்த்துக்கொள்ள ஒரே ஆள் என்கிறாய். அந்த ஒரே ஆள் என் பேரன். அவன் போதாதா?

காரணம் இது எதுவுமே இல்லை, எனக்குத் தெரியும். நான் நீலக் குடை வாங்கினேன், அடுத்த வாரமே அதே கடையில் அதைவிடப் பெரிய நீலக் குடை வாங்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு முன்னால் மழையே இல்லாத நாளில் விரித்துப் பிடித்துக்கொண்டு போனவள் நீ. எனக்கு ஒன்று இருக்கிறது, உனக்கு இல்லை என்றால் உன்னால் தாங்க முடியாது. உனக்கு ஒன்று கிடைத்துவிட்டால் எனக்கு இருக்கக்கூடாது. நீ சொல்லித்தான் அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். அண்ணன் பெயரை அழிக்க அவளுக்கு எப்படி மனசு வந்தது?

யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம் என்று நீதானே சொன்னாய். நானும் எழுதிவிட்டேன். மருந்துக்கடை அம்மாவின் போனில் பேசினேன், அது தானாகவே எழுத்தாகிவிட்டது. "பாட்டி, அனுப்பிடட்டுமா, நல்லா யோசிச்சுக்கோங்க" என்றாள். நான் யோசித்துப் பேசுகிற ஆள் இல்லையே.

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

நீ எழுதியது தமிழில் இருப்பதால் யாருக்கும் புரியாது என்று நினைத்திருப்பாய். அங்கே ஒரு பட்டனை அழுத்தினால் அவரவர் மொழியில் மாறிவிடும். உலகம் முழுக்கப் படித்துவிட்டார்கள். இந்தப் பெண்ணின் பாட்டிக்குச் சிறு வயதிலிருந்தே பொறாமை என்று ஆரம்பித்து, குடை, நம் இரண்டு பேர் கல்யாணத்தில் யாருக்குக் கூட்டம் அதிகம், என் வீட்டுக்காரர் குறட்டை, எல்லாம் இருக்கிறது. என் வீட்டுக்காரரின் குறட்டைக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு ஆள் உண்மையாகவே சந்தேகம் கேட்டிருக்கிறார்.

சுட்டியின் யோசனைக்கு விழுந்த இதயக்குறியைவிட உன் புலம்பலுக்கு விழுந்தது அதிகம். அது போதாதென்று, இப்போது அந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் நீலக் குடை படம் போடுகிறார்கள். வாசப்பாட்டி இருக்க வேண்டும் என்பவர்கள் குடை போடுவது என்று ஆகிவிட்டது. பாதிப் பேருக்கு வாசப்பாட்டி என்ன செய்கிறாள் என்றே தெரியாது.

இதுவரை சிரிப்பு. இனிமேல் இல்லை. ஒருவன், "பாட்டியை வெளியே தள்ளுகிறவள் நம் மென்பொருளை என்ன செய்வாள்" என்று சுட்டியைத் திட்டி எழுதினான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். அவளுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறார்கள். என்ன எழுதினார்கள் என்று என்னிடம் காட்ட மறுக்கிறாள். இனி யாரும் எழுத முடியாதபடி விவாதத்தைப் பூட்டிவிட்டார்கள், ஓட்டு தள்ளிப்போய்விட்டது. அவள் அந்தக் குழுவிலிருந்தே விலகிவிடலாமா என்று யோசிக்கிறாள். அந்த இடத்துக்கு வர அவள் எத்தனை ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தாள் என்று நான் பார்த்தேன்.

நான் சொல்லி அவள் எழுதினாள் என்கிறாய். நான் சொல்லி அவள் தலைகூட வாரமாட்டாள்.

யார் சொல்லி எழுதினாள் என்று தெரிய வேண்டுமானால் உன் பேரனைக் கேள். இதற்குமேல் நான் எழுதக்கூடாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தங்கச்சி

*

மார்ச் 20

தங்கச்சிக்கு,

இதயம் விழுந்ததைக் கேட்டு முதலில் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். சுட்டியைத் திட்டினார்கள் என்றது பிடிக்கவில்லை. நான் உன்னைத்தான் திட்டினேன். அவளைத் திட்ட இவர்கள் யார்?

நெட்டையனைக் கூப்பிட்டேன். "ஏன் பாட்டி இப்படிப் பண்ணினே" என்றான். அவ்வளவுதான். குரல் வேறு மாதிரி இருந்தது. "உனக்காகத்தான்டா" என்றேன். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு கூப்பிட்டால் எடுப்பதில்லை. காலையில் ஆபீஸ் போகிற வழியில் எனக்குப் போன் பண்ணாமல் இருந்ததே இல்லை அவன். இப்போது அந்த நேரத்துக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தாய்? எனக்குத் தெரியாத விஷயம் அவனைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? என் பேரன் அவன். பூசி மெழுகாமல் எழுது.

அக்கா

*

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிவிடுகிறேன் என்று நெட்டையனிடமே சொல்லிவிட்டு எழுதுகிறேன். "சொல்லிடுங்க சின்னப் பாட்டி, என்னால முடியல" என்றான்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இங்கே வந்தான். சுட்டியைப் பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவள் வெளியே போயிருந்தாள். சமையலறையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் இருக்கிற கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

எங்கோ ஒரு சின்ன நிறுவனத்தில் வாசப்பாட்டி போட்டிருந்தார்களாம். அங்கே வருகிறவர்கள் தங்கள் ரகசியச் சொல்லை, பாஸ்வேர்டு என்பார்களே அதை, பக்கத்தின் முகவரியோடு சேர்த்து அனுப்பும்படி அந்த நிறுவனத்துக்காரர்கள் தப்பாக அமைத்துவிட்டார்கள். வாசப்பாட்டி அதையும் அப்படியே எழுதிவைத்துவிட்டாள். அந்த வரிகள் வெளி ஆள் கையில் கிடைத்து, பலருடைய சொந்தக் கடிதங்கள் வெளியே வந்துவிட்டன. தப்பு அவர்களுடையது, ஆனால் வாசப்பாட்டியும் அதை மறைத்திருக்கலாம் என்றான். அதில் ஒரு பெண் நெட்டையனுக்கு எழுதியிருக்கிறாள், "நீங்கள் ஏன் இதை எழுதினீர்கள்" என்று ஒரே வரி. அதைச் சொல்லும்போது அவன் அழுதான். வெங்காயம் என்று சொன்னான்.

ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை முழுக்க முகம் தெரியாதவர்களின் புகாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறான், அக்கா. அது வேலை செய்யவில்லை, இது வேலை செய்யவில்லை, எப்போது சரிசெய்வாய். "எடுத்துட்டா நிம்மதி, ஆனா பாட்டிகிட்ட எப்படிச் சொல்றது? தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்காங்க. கிளினிக்குக்கு வர்றவங்ககிட்டகூட சொல்றாங்களாம்" என்றான்.

அதனால்தான் சுட்டியை எழுதச் சொன்னான். அவன் எழுதினால் உனக்கு அவன்மேல் வருத்தம் வரும். அவள் எழுதினால் உனக்கு என்மேல் கோபம் வரும். அந்தக் கோபம் உனக்குப் பழகினது, ஒன்றும் ஆகாது என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். இந்த மாதம் அவளைத் திட்டினவர்களுக்கு நடுவில் அவனே உண்மையை எழுதிவிடுகிறேன் என்று கிளம்பினான். சுட்டிதான் தடுத்தாள். "பெரிய பாட்டி இதை மருந்துக்கடையில நின்னு தெரிஞ்சுக்க வேணாம் அண்ணா" என்றாள்.

ஒன்றை மறைத்தால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். அவன் போன பிறகு எனக்கு வருத்தமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. உன் வீட்டைத் தாண்டி, ரயில் மாறி, என் சமையலறைக்கு வந்தான். எல்லா நாட்டிலும் ஓடுகிற புரோகிராமில் உன் பெயர் இருக்கட்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவன் சொன்னது எனக்குத்தான். அதை வைத்துக்கொண்டுதான் பிப்ரவரியில் உனக்கு அவ்வளவு தைரியமாக எழுதினேன்.

தங்கச்சி

*

ஏப்ரல் 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். மருந்துக்கடை அம்மாவிடம் கொடுக்கவில்லை. படித்து முடிக்க ஒரு முழுக் காலை ஆனது, எழுத்துக் கூட்டிப் படித்ததால் இல்லை.

வாசப்பாட்டி போவதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அது பெரிதில்லை. பெரிது என்னவென்று உனக்குத் தெரியும், தெரிந்துதான் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறாய். அவன் பால் குடித்தது என் கையால். முதல் பல் விழுந்தது என் மடியில். அழுவதற்கு மட்டும் உன் வீடு கேட்டதா அவனுக்கு? ஒன்றிரண்டு நாள் உன்மேல் வந்த ஆத்திரம் இதுவரை எந்தக் குடைக்கும் வந்ததில்லை.

பிறகு மருந்துக்கடை அம்மாவைக் கூப்பிட்டு, சுட்டி எழுதியதை மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். இந்தத் தடவை நிறுத்தச் சொல்லவில்லை. நடுவில் ஒரு இடம் வந்தது. வாசப்பாட்டி எழுதுகிற வரியின் அமைப்பை எத்தனையோ பேர் பழகிவிட்டதால், யார் வந்தது, என்ன கேட்டது, கிடைத்ததா, எவ்வளவு நேரம் என்ற அதே வரிசை புதிய கருவியிலும் இருக்கும், ரகசியச் சொல் இருக்கும் இடத்தை மட்டும் மறைத்துவிடும் என்று. வரி இருக்கும், பெயர் இருக்காது. "இதைப் போன மாசமே படிச்சிருப்பேனே பாட்டி" என்றாள் அந்த அம்மா. அவள் வாயை அடைக்க இரண்டு இருமல் மருந்து வாங்கினேன், எனக்கு இருமலே இல்லை.

சுட்டிக்கு நானே போன் பண்ணினேன். "பெரிய பாட்டி, நீங்களா" என்றாள், பயந்த குரல். "நான்தான். அந்தப் பூட்டை ஒரு நிமிஷம் திற, நான் ஒன்னு பேசணும்" என்றேன். "மறுபடியுமா பாட்டி" என்றாள். "பயப்படாதே, உன் தாத்தா குறட்டை பத்தி இல்ல." சிரித்துவிட்டாள். திறந்தாள். நான் பேசியது இவ்வளவுதான்:

"வாசப்பாட்டி பேசறேன். என்னை எடுக்கச் சொன்னது என் பேரன். அந்தப் பொண்ணை ஒருத்தரும் ஒன்னும் சொல்லக்கூடாது. ஒருத்தர் வீட்டுச் சாவியை நான் தெருவுல சத்தமாச் சொல்லிட்டேன், அது தப்புதான். நான் ஜன்னலைச் சாத்திக்கறேன். குடை விஷயம் மட்டும் உண்மை."

அதற்குக் கீழே நெட்டையனும் எழுதினான். அன்று சாயங்காலமே அவனிடமிருந்து போன் வந்தது. நான் ஒன்றும் பெருமை பேசவில்லை, நீலக் குடைப் படம் போட்டவர்கள் எல்லாம் இப்போது மூடிய குடை போடுகிறார்கள் என்று அவன்தான் சொன்னான். ஓட்டு முடிந்தது. எடுத்துவிடலாம் என்று ஐந்துக்கு ஐந்து. உன் பேத்தி விலகவில்லை என்றும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "தூங்கப்போறேன் பாட்டி" என்றான். இதைத் தெருவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். சுட்டியின் படம் ஒன்று என் ஹாலில் நெட்டையன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மார்ச் மாதம் அதை நான் கழற்றி, சட்டத்திலிருந்து உருவினேன். ஏன் என்று கேட்காதே. ரொம்ப வருஷம் இருந்ததால் முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, திரும்ப மாட்ட முடியவில்லை. சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறது. வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் அவளுடைய புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், கையில் பிடிக்கிற மாதிரி. ஸ்டூடியோவில் எடுக்காதே. உன் சமையலறையில் எடு. அவளை நிற்கவைத்து, அந்தக் கால் ஆடும் நாற்காலியும் முழுசாகத் தெரிகிற மாதிரி எடு. என் வீட்டில் இல்லாதது அங்கே என்ன இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

உன் அக்கா